பிள்ளைக்குப் பாட்டா, பிள்ளையின் பாட்டா?

கொஞ்சம் நீண்ட பதிவு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நேரம் கிடைத்தால் வாசியுங்கள்.

இந்தத் தவணையில் தரம் 3, தரம் 4 பிள்ளைகள் தாங்களே பாட்டுக் கட்டிப் பாடும் ஒரு முயற்சியைத் தொடங்கலாம் என்று ஆசிரியர்கள் நாம் சிலர் பேசிக்கொண்டோம். ஊரில் பைத் படிப்பவர்கள், றபான் அடிப்பவர்கள், மேடைக்குப் பாட்டெழுதி மெட்டமைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டொருவர் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தால் போதும். விசயம் வெளியே தெரிந்ததும் பெற்றோரிடமிருந்து கேள்விகள் வந்தன. நியாயமான கேள்விகள்தான். ஸ்கொலர்ஷிப்புக்கு இதனால் என்ன பிரயோசனம் என்றார் ஒரு வாப்பா. இசை நமக்குக் கூடுமா என்று இன்னொருவர் கேட்டார். ஆனால் அதிகம் பேர் கேட்டது வேறு: "எட்டு வயசுப் பிள்ளைக்குப் பாட்டுக் கட்டத் தெரியுமா சேர்?"

இந்தக் கடைசிக் கேள்வியை உலகத்தில் முதலில் கேட்டவர்கள் நாம் அல்ல. அதற்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருடக் கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நமது பக்கத்தைப் பார்ப்போம். இலங்கையில் பிள்ளைப் பாட்டு என்றால் பெரியவர் எழுதுவது, பிள்ளை பாடுவது. அதில் அருமையானவை உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டையும் கத்தரி வெருளியையும் கேள்விப்படாமல் தமிழ்மொழி மூலம் படித்து வந்தவர்கள் குறைவு. தேசிய கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாந்திநிகேதனில் தாகூரின் நிழலில் சில மாதங்கள் படித்து வந்த ஆனந்த சமரக்கோன், காலி மஹிந்த கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது 1940இல் ஆக்கிய பாட்டு அது. அதைத் தமிழில் தந்த பண்டிதர் மு. நல்லதம்பி கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியில் தமிழ் படிப்பித்தவர். ஸாஹிறாவின் தமிழாசிரியர் ஒருவரின் வரிகளைத்தான் நாடு தமிழில் பாடுகிறது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது நமது நீண்ட நாள் ஆசை.

ஆக, பாடசாலைக்கும் பாட்டுக்கும் இந்த நாட்டில் பழைய உறவு இருக்கிறது. ஆனால் பேனா எப்போதும் பெரியவர் கையில்தான் இருந்தது. மீலாத் விழா வந்தால் ஆசிரியர் எழுதித் தருகிறார், பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கிறது. விளையாட்டுப் போட்டி வந்தாலும் அப்படித்தான்.

பேனாவைப் பிள்ளையின் கைக்குக் கொடுத்துப் பார்த்த முயற்சிகளில் அதிகம் பேசப்படுவது ஜேர்மனியில் நடந்தது. 1924ஆம் ஆண்டு மியூனிக் நகரில் டொரதே குந்தர் என்ற பெண்மணியும் கார்ல் ஓர்ஃப் என்ற இளம் இசையமைப்பாளரும் சேர்ந்து ஒரு பாடசாலை தொடங்கினார்கள். உடற்பயிற்சி, நடனம், இசை மூன்றையும் ஒன்றாகப் படிப்பித்த இடம். அங்கே படித்தவர்கள் சிறு பிள்ளைகள் அல்லர், இளம் பெண்கள். ஓர்ஃபின் யோசனை எளிமையானது. ஆடுபவர் யாரோ வாசிக்கும் பியானோவுக்கு ஆடுவதை விட, தனக்கு வேண்டிய இசையைத் தானே உண்டாக்கிக்கொள்ளட்டும். அதற்குப் பல வருடப் பயிற்சி தேவைப்படாத வாத்தியங்கள் வேண்டுமே. கையால் தட்டும் மேளங்கள், மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிச் சிறு கோலால் தட்டும் சைலபோன்கள் என்று செய்வித்தார்கள். ஆபிரிக்க, இந்தோனேசிய வாத்தியங்களைப் பார்த்து அவற்றின் சாயலில் செய்தவை இவை. அங்கே மாணவியாக வந்து பின்னர் ஆசிரியையாகிய குனில்ட் கீட்மனின் பங்கு இந்தக் கதையில் பெரியது. ஓர்ஃபின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது, வழக்கம் போல.

இனி வருவது கொஞ்சம் கசப்பான பகுதி. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வரலாறாகாது. 1936இல் ஹிட்லரின் ஆட்சியில் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது, தொடக்க நாள் இரவு மைதானத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட ஒரு பெரும் காட்சி அரங்கேறியது. அதில் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கு இசை ஓர்ஃபும் கீட்மனும் ஆக்கியது. ஓர்ஃப் அந்த ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்தவர் அல்ல. அந்தக் காலம் முழுவதும் அவர் வேலை செய்துகொண்டே இருந்தார். அவரோடு சேர்ந்து நாட்டார் பாடல்களில் ஈடுபட்ட நண்பர், பேராசிரியர் கேர்ட் ஹூபர், ஹிட்லருக்கு எதிரான வெள்ளை ரோஜா இயக்கத்தில் இருந்ததற்காக 1943இல் கொல்லப்பட்டார். இதை ஏன் சொல்கிறோம் என்றால், பிள்ளைகளை அழகாக வரிசையில் நிறுத்தி, பெரியவர் தந்ததை ஒரே குரலில் பாட வைப்பது எவ்வளவு இலகுவாக வேறு எதற்கோ பயன்பட்டுவிடும் என்பதற்கு அந்த மைதானம் ஒரு சாட்சி. பார்ப்பதற்கு அது மிக அழகாகத்தான் இருந்திருக்கும்.

யுத்தத்தில் அந்தப் பாடசாலை குண்டு விழுந்து எரிந்துபோனது. வாத்தியங்களில் பெரும்பாலானவையும் போய்விட்டன. அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை இது.

1948இல் பவேரிய வானொலியின் பாடசாலை ஒலிபரப்புப் பகுதியில் இருந்தவர்களுக்கு அந்தப் பழைய பாடசாலையின் இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. வானொலியைச் சேர்ந்த வால்ட்டர் பனோஃப்ஸ்கி ஓர்ஃபைத் தொடர்புகொண்டு கேட்டார்: இதே மாதிரி, ஆனால் பிள்ளைகள் தாங்களே வாசிக்கக்கூடிய இசை செய்து தர முடியுமா? ஓர்ஃப் அப்போது ஒரு பெரிய மேடை நாடகத்துக்கான இசையில் மூழ்கியிருந்தார். ஆனாலும் இந்தக் கேள்வி அவரை உலுப்பிவிட்டது. பழைய பாடசாலையில் தாம் விட்ட இடம் எது என்று யோசித்தார். அங்கே வாத்தியமும் ஆட்டமும் இருந்தன, பிள்ளையின் குரலும் பேச்சும் இருக்கவில்லை. பிள்ளைக்குச் சொந்தமானவை அவைதானே.

எனவே இம்முறை அவர் வாத்தியத்தை வைத்துத் தொடங்கவில்லை. தெருவில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் கூப்பாடு, விளையாட்டில் சொல்லும் எண்ணும் பாட்டு, ஆட்களின் பெயர்கள், இவற்றில் தொடங்கினார். கூப்பிடும் குரலைக் கவனித்துப் பாருங்கள். மாலையில் வேலிக்கு அப்பால் நின்று ஒரு பிள்ளை தன் கூட்டாளியை நீட்டி அழைக்கும்போது, குரல் ஒரு சுரத்தில் நின்று கொஞ்சம் இறங்கி முடியும். சரிகம தெரிந்தவர்களுக்குச் சொன்னால், பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்குவது. ஓர்ஃப் முதல் பாடமாக வைத்தது இந்த இரண்டே சுரத்தைத்தான். அதற்கு மேல் ஒவ்வொன்றாகக் கூட்டி ஐந்து சுரத்தில் நிறுத்தினார். கர்நாடக இசையில் அது மோகனம், வட இந்திய இசையில் பூபாலி. இந்த ஐந்தில் ஒன்றோடொன்று முட்டுகிற சுரங்கள் இல்லை. பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றைத் தட்டினாலும் காது கூசாது. அந்த சைலபோனில் கட்டைகளைக் கழற்றலாம், பூட்டலாம். வேண்டாத இரண்டு சுரங்களின் கட்டைகளை ஆசிரியை கழற்றி வைத்துவிடுவார். பிறகு பிள்ளை எதைத் தட்டினாலும் பிழை என்று ஒன்றில்லை. ஒரு பயந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று படிப்பிப்பவர்களுக்குத் தெரியும்.

1948 செப்டம்பர் 15ஆம் திகதி முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பாகியது. பாடியதும் வாசித்ததும் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதுப் பாடசாலைப் பிள்ளைகள். முன்பயிற்சி பெற்ற குழுவொன்றும் அல்ல. தப்பிப் பிழைத்த சில வாத்தியங்களை வைத்துத்தான் தொடங்கினார்கள். நாடு இடிபாடுகளாகக் கிடந்த நேரம் அது. பிள்ளைகள் கேட்டார்கள், தாங்களும் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், அந்த வாத்தியம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். அதற்காகவே அதைச் செய்கிற பட்டறை உருவானது.

இந்த ஒலிபரப்பில் நமக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிகழ்ச்சியின் நடுவே சிறு போட்டிகள் வைத்தார்கள். ஒரு சின்னப் பாட்டு வரி தரப்படும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதற்குத் தாங்களே தாளமோ மெட்டோ அமைத்து எழுதி வானொலிக்கு அனுப்ப வேண்டும். பரிசு, அதே வாத்தியங்களில் ஒன்று. 1936இல் இசை மேலிருந்து இறங்கிப் பிள்ளைகளை ஆட்டுவித்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, அதே இரண்டு இசையமைப்பாளர்கள் பிள்ளைகள் அனுப்பிய மெட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பில் நடந்த முறையும் நமக்கு உதவும். எல்லோரும் பாடுகிற பல்லவி ஒன்று இருக்கும். அது முடிந்ததும் ஒரு பிள்ளை தனியே, தன் மனதில் வந்ததை, குறித்த தட்டுக்குள் பாடும். மீண்டும் எல்லோரும் பல்லவி. அடுத்த பிள்ளை. தனியாக நிற்கும் நேரம் சில வினாடிகள்தான், பிறகு கூட்டம் தாங்கிக்கொள்ளும். களிகம்பு ஆட்டத்தில் அண்ணாவியார் ஒரு வரி எடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வதைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. வித்தியாசம், இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அண்ணாவியாராக ஒரு முறை வருகிறது.

ஒலிபரப்பு ஐந்து வருடம் அளவில் தொடர்ந்தது. 1950க்கும் 1954க்கும் இடையில் ஐந்து தொகுதிகள் புத்தகமாக வந்தன. 1961இல் ஒஸ்ட்ரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனம் ஒன்று எழுந்தது. கனடா, ஜப்பான் என்று பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தந்த நாட்டுக்காரர் ஜேர்மன் பாட்டை மொழிபெயர்த்துப் பாடாமல், தங்கள் பிள்ளைகளின் தெருப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் ஓர்ஃபின் எண்ணம். எல்லா இடத்திலும் அப்படி நடந்தது என்று சொல்ல முடியாது.

அதே காலத்தில் ஹங்கேரியில் ஸொல்தான் கொடாய் என்பவர் வேறு பாதையில் போனார். கிராமம் கிராமமாக நடந்து பாட்டுச் சேகரித்தவர் அவர். வாத்தியம் பிறகு, முதலில் குரல் என்பது அவர் வழி. 1950இல் கெச்கெமேத் என்ற ஊரில் தினமும் பாட்டுப் பாடமுள்ள ஆரம்பப் பாடசாலை தொடங்கியது. பிள்ளை புதிதாகக் கட்டுவதை விட, ஊர்ப் பாட்டைச் சுத்தமாகப் பாடுவதில்தான் அங்கே பாரம் இருந்தது. வாத்தியம் வாங்கப் பணமில்லாத பாடசாலைகளுக்கு அவரைப் படிக்கச் சொல்வோம்.

இங்கிலாந்தில் இந்த விசயம் இன்னும் துணிச்சலாக நடந்தது. பீட்டர் மக்ஸ்வெல் டேவிஸ் என்ற இளம் இசையமைப்பாளர், 1959 முதல் 1962 வரை சிரன்செஸ்டர் என்ற சிறிய நகரின் பாடசாலையில் இசை ஆசிரியராக இருந்தார். பிற்காலத்தில் எலிசபெத் மகாராணியின் அரச இசையமைப்பாளராக நியமிக்கப்பட்ட மனிதர். அவர் அந்தப் பிள்ளைகளுக்காகப் புதிதாக எழுதினார், அவர்களையும் எழுத வைத்தார். யாருக்கு எந்த அளவுக்கு வாசிக்க வருமோ அந்த அளவுக்கு அவரவர் பகுதியை அமைத்துக் கொடுப்பார். அது இடைநிலைப் பாடசாலை. சிறு பிள்ளைகளின் பக்கம் கதவைத் திறந்தவர்களில் ஜோன் பெய்ன்டர் முக்கியமானவர். வகுப்பறையில் படிப்பித்த அனுபவத்தோடு யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பீட்டர் அஸ்டனோடு சேர்ந்து 1970இல் அவர் வெளியிட்ட 'ஓசையும் மௌனமும்' என்ற புத்தகம் ஆசிரியர்களுக்குள் பெரிய வாதத்தைக் கிளப்பியது.

அவர்கள் கேட்ட கேள்வியை நமது வகுப்பறைக்கு இப்படிக் கொண்டு வரலாம். சித்திரப் பாடத்தில் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுக்கிறோம், அது தன் வீட்டை வரைகிறது. கோணலாக வரைந்தாலும் சுவரில் ஒட்டுகிறோம். கட்டுரை எழுதச் சொன்னால் தன் சொந்த வசனத்தை எழுதுகிறது. பாட்டு என்று வந்தால் மட்டும் ஏன் எப்போதும் அடுத்தவருடையதை ஒப்புவிக்கச் சொல்கிறோம்? ஓசைக்கு வெள்ளைத்தாள் கிடையாதா?

1983இல் லண்டன் சின்ஃபோனியெட்டா என்ற தொழில்முறை வாத்தியக் குழு, கல்விக்கென்றே ஒருவரை நியமித்துத் தன் கலைஞர்களை வகுப்பறைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மற்றக் குழுக்களும் பின்தொடர்ந்தன. 1992இல் இங்கிலாந்தின் தேசிய பாடத்திட்டத்தில் இசை சேர்ந்தபோது, ஐந்து வயதிலிருந்தே பிள்ளை இசையை ஆக்க வேண்டும் என்பது அரச பாடசாலைகளில் கட்டாயமானது. எட்டு வயதுப் பிள்ளையால் முடியுமா என்ற கேள்வி அங்கே அத்தோடு முடிந்தது.

ஆனால் வேறொரு கேள்வி எழுந்தது. கட்டப்பட்ட பாட்டு உண்மையில் யாருடையது? வெளியிலிருந்து கலைஞர் வருகிறார். இரண்டு மணித்தியாலம். பிள்ளைகள் நான்கு சொல் சொல்கிறார்கள், அவர் கிட்டாரை எடுத்து மிச்சத்தை நிரப்பிவிடுகிறார். பாட்டு இனிமையாக வருகிறது, பெற்றோர் கைதட்டுகிறார்கள். உற்றுக் கேட்டால் அது வந்தவரின் பாட்டு, பிள்ளை சொன்ன சொற்கள் மேலே தூவப்பட்டிருக்கின்றன. கெட்டிக்காரக் கலைஞருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அவருக்கு அடுத்த வரி உடனே தெரிந்துவிடுகிறது, பொறுத்திருக்க முடிவதில்லை. ஆசிரியர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. விழா நெருங்கினால் நாமே எழுதிக் கொடுத்து முடித்துவிடுவோம்.

இதற்கு நியூயோர்க்கில் கண்ட வழி நமக்குப் பிடித்திருக்கிறது. நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவில் ஆளுயர டபுள் பேஸ் வாசித்தவர் ஜோன் டீக். அவர் 1995இல் 'மிக இளைய இசையமைப்பாளர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கினார். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் வருவார்கள். இசைக் குறியீடு எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை முனகிக் காட்டலாம், பாடிக் காட்டலாம், படம் போட்டுக் காட்டலாம். பெரியவரின் வேலை அதைக் கேட்டு எழுதிக்கொள்வது, பிறகு வாசித்துக் காட்டி "இதுதானா நீ நினைத்தது?" என்று கேட்பது. திருத்தி அழகாக்குவது அவர் வேலை அல்ல. கடைசியில் அந்தப் பெரிய குழுவின் கலைஞர்கள் அதை வாசிப்பார்கள், பிள்ளை இருந்து கேட்கும்.

நமது ஊருக்கு ஃபில்ஹார்மொனிக் வரப் போவதில்லை. இங்கே நம் பிள்ளைகள் தினமும் கேட்கிற மேற்கத்திய இசை சூன் பாண் ஓட்டோவில் வரும் பீத்தோவனின் மெட்டு ஒன்றுதான். பாண் மணிஸ் வாங்க ஓடுகிற எந்தப் பிள்ளையும் அதைப் பிசகாமல் முனகும்! காது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதை விட என்ன வேண்டும்?

சொந்தச் சரக்கும் நம்மிடம் இருக்கிறது. கொக்கான் வெட்டும்போது பாடியவை, கிட்டி விளையாட்டில் மூச்சை அடக்கிச் சொன்னவை, பெருநாள் ஊஞ்சலில் பாடியவை, தாலாட்டு, வயல் வேலையில் பிறந்த கவி, பக்கீர்மார் பாடி வந்த பைத். அவற்றை யார் கட்டினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதில் விளையாட்டுப் பாட்டுகளைப் பெரியவர் யாரும் மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள் என்பதே நமது எண்ணம். பத்து வயதுப் பிள்ளைகள் வளவுக்குள் நின்று கட்டி, தங்கச்சிமாருக்குக் கொடுத்துவிட்டுப் போனவை அவை. இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை நம் பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் செய்துகொண்டிருந்த ஒன்றுக்குத்தான் இப்போது நாம் அனுமதி கேட்கிறோம்.

கூடுமா கூடாதா என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு, நமது வேலை அல்ல. வாத்தியங்கள் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பது நமக்குத் தெரியும். ஆகவே நாம் யோசித்திருப்பது குரல், கைதட்டு, ஊர்ப் பெரியவர் கொண்டுவரும் றபான், இவ்வளவுதான். பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் வீட்டில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்கர் (ரழி) அவர்கள் கண்டித்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளைகளை விட்டுவிடும்படி சொன்னதையும் புகாரி ஷரீபில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தச் சிறுமிகள் பாடகிகள் அல்லர் என்ற குறிப்பும் அதே அறிவிப்பில் வருகிறது.

ஸ்கொலர்ஷிப் பற்றிக் கேட்ட வாப்பாவுக்கு: இதனால் புள்ளி கூடும் என்று நாம் வாக்குக் கொடுக்க மாட்டோம். அப்படி வாக்குக் கொடுப்பவர்களை நம்பவும் வேண்டாம். கைத்தட்டு நான்குக்குள் அடங்க வேண்டும் என்றவுடன் பிள்ளை 'சமுத்திரம்' என்ற சொல்லை வைத்துப் பார்க்கும், நீளம், 'கடல்' என்று மாற்றும், பிறகு 'ஆழி' என்று ஒன்று இருப்பதைக் கேட்டு அறியும். தமிழ்ப் பாடத்தில் ஒத்தசொல் எழுதச் சொல்லி நாம் மினக்கெடுகிற அதே வேலைதான் இது. கிழமைக்கு ஒரு பாடவேளை போகும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள்ளேயே இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் தரம் 3இலேயே வினாத்தாள் கட்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வருகிற கலைஞர்களோடு ஓர் ஒப்பந்தம் பேசியிருக்கிறோம். பிள்ளை பாடியதைத் தொலைபேசியில் பதிந்து, அப்படியே திருப்பிப் பாடிக் காட்டுவது. வரியை மாற்ற வேண்டுமென்றால் பிள்ளையே மாற்றட்டும். மேடை, பரிசு, முதலாமிடம் எதுவும் முதல் தவணையில் இல்லை.

உங்களிடம் ஓர் உதவி. வீட்டில் மூத்தம்மா, பெத்தாப்பா இருந்தால், சின்ன வயதில் கொக்கான் வெட்டும்போதும் ஊஞ்சலிலும் என்ன பாடினார்கள் என்று இந்தக் கிழமை கேட்டுப் பாருங்கள். இரண்டு வரிதான் நினைவிருக்கிறது என்றாலும் பரவாயில்லை. குரலைப் பதிந்து அனுப்புங்கள். எந்த ஊர், எந்த விளையாட்டு என்றும் சொல்லுங்கள். மிச்ச வரிகளைத் தரம் 3 பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம்.